இரவல் டயர்

ஒரு வருடமாக மோகனூர் அங்கமுத்துவின் கால்கள் தரையை விட்டு எழ மறுத்தன. காஷ்மீர் வரை லாரி ஓட்டிய மனுசன், இப்போது வாசல்படி தாண்டவே முதல் கியரில் முக்கினார். சிறுநீர் அடங்கவில்லை, பேச்சில் மறதி வேறு. வயசுக் கோளாறு என்றது ஊர். சேலத்து டாக்டர் ஜெனிட்டாதான் ஸ்கேனைப் பார்த்து, மூளைக்குள் நீர் தேங்கியிருக்கிறது என்றார்.

“முதுகுல ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்துப் பார்க்கிறேன். எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை நடக்கணும். நடை தேறுச்சுன்னா ஆபரேஷன் பலன் தரும்னு நம்பலாம்.”

அங்கமுத்துவின் மனைவி உண்ணாமலைக்குப் பரீட்சை என்றால் லாரி ஓடத் தகுதியானது என்று வருஷா வருஷம் எடுக்கும் எஃப்.சி. சான்றுதான். வண்டிக்குப் பெயிண்ட் அடித்து, மொட்டை டயரைக் கழற்றிவிட்டு, அன்றைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த வேண்டும். தேறாத வண்டியை யார் ரோட்டில் விடுவார்கள்?

ஆகவே முதல் நடையில், “உழுந்துருவாருங்க, ஒட்டியே வாரேன்” என்று கூடவே போனாள். முதுகுப்பக்கம் இடுப்பு வேட்டியைக் கொத்தாகப் பிடித்து, ஆளையே தூக்கி நடத்தினாள். எதிரே நின்று செல்போனில் படம் பிடித்த ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கு அந்தக் கை தெரியவில்லை. அங்கமுத்து புதுமாப்பிள்ளை போல நடந்தார்.

நீர் எடுத்த பிறகு, உண்ணாமலை காபி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, அவரைத் தனியாகவே நடக்க வைத்துவிட்டார்கள்.

“பெருசா வித்தியாசம் இல்லைம்மா,” என்றார் டாக்டர். “ஆபரேஷன் செஞ்சாலும் பலன் இருக்குமான்னு சந்தேகந்தான்.”

உண்ணாமலைக்கு அப்போதுதான் உறைத்தது. கெட்டிக்காரத்தனம் இப்படியா காலை வாரிவிடும்! அங்கமுத்து கண்ணாலேயே ‘வாயை மூடு’ என்றார். அவள் மூடவில்லை.

“டாக்டரம்மா, முதல்ல நடந்ததுல பாதி நடை என்னோடதுங்க.”

எஃப்.சி. கதையைக் கேட்ட ஜெனிட்டா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பை அடக்கமாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பினார். நீர் எடுத்ததன் பலன் சில நாளில் போய்விடும், அப்போது வந்து கை படாமல் நடக்கட்டும் என்றார்.

அந்தச் சில நாளும் அங்கமுத்து தானாக வாசலுக்குப் போய்க் கோழிகளை அதட்டிவிட்டு வந்தார். அப்புறம் கால் மறுபடி தரையோடு ஒட்டிக்கொண்டது. உண்ணாமலை அதற்குச் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டோமே என்று அழவும் செய்தாள்.

“அதுக்குன்னு ரொம்ப மோசமாவும் நடந்து காட்டிராதீங்க. உள்ளபடி நடங்க,” என்று ஆஸ்பத்திரி வாசலில் எச்சரித்தாள்.

உள்ளே நடந்து காட்டும்போது, திரும்பும் இடத்தில் அவர் கால் சிக்கியது. உடம்பு ஆடியது. நர்ஸ் பக்கத்தில்தான் இருந்தாள், ஆனால் அவர் கண் மனைவியைத் தேடியது. உண்ணாமலை இரண்டு கைகளையும் பின்னால் கோத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். கட்டிய நாளிலிருந்து, அவர் தடுமாறும்போது அவள் ஓடாமல் நின்றது அன்று ஒருநாள்தான்.

“நீர் எடுத்தப்புறம் நடந்ததுக்கும் இதுக்கும் இப்பத் தெரியுது வித்தியாசம். தாராளமா ஆபரேஷன் பண்ணலாம்,” என்றார் டாக்டர்.

நாற்காலியில் உட்கார்ந்த அங்கமுத்து மூச்சு வாங்கிக்கொண்டே முறைத்தார். “ஏம்புள்ள, நான் உழப்பாக்கறேன், நீ வேடிக்கை பாத்துட்டு நிக்கறே?”

“ஆமாங்க,” என்றாள் உண்ணாமலை. அப்புறந்தான் கோத்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். அவை உடனே பிரியவில்லை.