பிரேக் போட்டால் ஏறுவேன்

மூத்தவள் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். கூடத்தில் அப்பா பெட்டிக்குள் மல்லாந்து கிடந்தார். நடுவில் ஒரே ஒரு சுவர். துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் விழித்தார்கள். பாதிப் பேர் கூடத்துக்குப் போனார்கள். மீதிப் பேர் வண்டியருகே வந்து குனிந்து பார்த்தார்கள்.

"என்னம்மா பண்றே?"

"பிரேக் மாத்துறோம் மாமா."

"இன்னைக்கா?"

"இன்னைக்கு விட்டா அப்பா எப்ப ஏறுவாரு?"

அது ஒரு பழைய ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும். வீட்டில் எல்லாருக்கும் அது எருமை. அப்பா நில அளவைக்காரராக இருந்தபோது மேடு பள்ளமெல்லாம் சுற்ற வாங்கியது. வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது, சுற்றுவதிலிருந்து கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவது ஒரு மலைச்சரிவிலோ ஓடையிலோ எருமையும் அவரும் சேற்றில் கிடப்பார்கள். ஏறுவதில் எருமையை மிஞ்ச ஆளில்லை. நிற்பதில்தான் தகராறு. பிரேக்கை மிதித்தால் உடனே நிற்காது, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும்.

அப்படி யோசித்த ஒரு நாளில் அது தையல்காரர் வீட்டுக் குளியலறைச் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போய் நின்றது. நல்லவேளை, குளியலறையில் யாருமில்லை. வண்டியில் அம்மா இருந்தாள். இறங்கி, தலையில் விழுந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, "இனிமே இதுக்கு நல்ல பிரேக் போட்டாத்தான் ஏறுவேன்" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அவ முதல்ல ஏறட்டும், அப்புறம் போடுறேன்" என்றார் அப்பா.

அவ்வளவுதான். வருஷக்கணக்காக இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. மற்றபடி ஒருவரை விட்டு ஒருவர் அரை நாள் இருக்க மாட்டார்கள். அம்மா கடைவீதிக்குப் பஸ்ஸில் போவாள். அப்பா எருமையில் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜன்னல் பக்கம் வந்து, "ஏறிக்கிறியா?" என்பார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பஸ்ஸே சிரிக்கும்.

நேற்றுக் காலை அப்பா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். நர்ஸாக வேலை பார்க்கும் மூத்தவள் வந்து கையைப் பிடித்துப் பார்த்து, முகத்தைத் துடைத்து, கட்டிலை நகர்த்தியபோதுதான் அடியிலிருந்த அட்டைப்பெட்டிகள் தெரிந்தன. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் புத்தம்புது டிஸ்க் பிரேக். ஹோஸ், பேட், ஆயில், எல்லாம் இருந்தது.

"எங்கிட்டதான் சொல்லி வாங்கினான்" என்றார் அப்பாவின் கூட்டாளி. வாயைத் திறந்தால் மூடாதவர் என்பதால் ஊரே அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடும். "ஞாயித்துக்கிழமை போட்டுடலாம், அவகிட்ட மூச்சு விட்டுடாதேன்னான். அதிசயம் பாரு, நானும் விடல."

அம்மா அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தாள். அப்புறம் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். "தோத்துட்டாரு பாரேன்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதாள். அழுகைக்கு நடுவே மறுபடி சிரிப்பு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போடுங்க. அவரோட நான் அதுலதான் போவேன்" என்றாள்.

சித்தப்பாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. பிண ஊர்திக்கு அவர் ஏற்பாடு செய்துவிட்டார். இடுகாடு ஓடைக்கரையில், ஒரு செங்குத்தான மண்சரிவுக்குக் கீழே இருந்தது. ஊர்தி மேலேயே நின்றுவிடும். அங்கிருந்து தோளில் தூக்கிப் போக வேண்டும்.

"அண்ணி, அந்தச் சரிவுல இந்த எருமையா? ஒரு சாவுக்கு வந்து ரெண்டு சாவு பார்க்கணுமா நாங்க?"

"அதுக்குத்தானே பிரேக் போடச் சொல்றேன்."

"வெயில் சாயறதுக்குள்ள முடியணும். இல்லேன்னா ஊர்திதான். நீங்க என் வண்டில வாங்க."

"முடியலேன்னா நான் நடந்து வரேன்" என்றாள் அம்மா. மூத்தவளுக்கு அந்தக் குரல் தெரியும். அம்மா விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்பாவோடு அவள் ஏறிப் போக இன்றைக்கு விட்டால் இன்னொரு நாள் கிடையாது.

அதனால்தான் காலையிலிருந்து இந்தக் கூத்து. வலது பக்கம் மூத்தவள், இடது பக்கம் தம்பி. தம்பி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். போல்ட்டைக்கூட விடைத்தாள் மாதிரி இரண்டு முறை சரிபார்ப்பவன். ரேடியோ நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அட்டைப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். கையும் வாயும் சேர்ந்தே ஓடின.

"ஒருதடவை ஓடைக்கு நடுவுல எருமை நின்னுபோச்சு. தண்ணி இடுப்பு மட்டும். உங்கப்பன் என்ன பண்ணான் தெரியுமா? கூரை மேல ஏறி உக்காந்து முகச்சவரம் பண்ணிக்கிட்டான். கேட்டா, வீட்டுக்குப் போனா திட்டு விழும், திட்டு வாங்குற முகம் பளிச்சுனு இருக்கணும்கிறான்."

தம்பி சிரித்ததில் ஸ்பேனர் காலில் விழுந்தது. மூத்தவளுக்கு வயிறு வலித்தது. கூடத்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, "சாவு வீடுய்யா இது" என்றார்கள். "சாவு வீட்டுக்காரனே அப்படித்தான்" என்று அம்மாவின் குரல் உள்ளேயிருந்து பதில் சொன்னது.

பழைய பிரேக் டிரம்மைக் கழற்றி டிஸ்க்கை மாட்டி, அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை முறுக்கி முடித்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. இனி குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே காலிப்பரில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். பெடலுக்கு ஆள் இல்லாமல் சித்தப்பாவைத்தான் பிடித்து ஏற்றினார்கள்.

"மிதிங்க சித்தப்பா. பிடிங்க. விடுங்க."

"பஞ்சு மாதிரி இறங்குதும்மா."

"இன்னொரு தடவை."

மிதித்தார், பிடித்தார், விட்டார். பாட்டில் பாட்டிலாக ஆயில் போனது. பெடல் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டே இருந்தது. சித்தப்பாவின் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. தெருமுனையில் ஊர்தி வந்து நின்றதை எல்லாரும் பார்த்தார்கள்.

"போதும்மா" என்றார் சித்தப்பா. இப்போது அவர் குரலில் கோபமில்லை. "செஞ்ச வரைக்கும் போதும். அண்ணிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

மூத்தவள் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்திருந்தாள். காற்று எங்கேதான் ஒளிந்துகொண்டிருக்கிறது? ஆஸ்பத்திரியில் தினமும் செய்கிற வேலைதானே இது. சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து விரலால் சுண்டினால் குமிழி மேலே வந்துவிடும். காற்று எப்போதும் மேலேதான் வரும். அவள் நிப்பிளைப் பார்த்தாள். அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டேய், உன் பக்கம் நிப்பிள் எங்கடா இருக்கு?"

"கீழ."

"எனக்கும் கீழதான். ரெண்டு பேரும் காலிப்பரை மாத்தி மாட்டியிருக்கோம்டா. உன்னுது எனக்கு, என்னுது உனக்கு."

மூன்று பேரும் ரேடியோவைத் திரும்பிப் பார்த்தார்கள். ரேடியோ முதல் முறையாக வாயை மூடினார்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதலில் ஸ்பேனரை எடுத்தது சித்தப்பாதான். ஊர்தி டிரைவர் தெருமுனையிலிருந்து நடந்து வந்து, "எவ்வளவு நேரம்தான் சும்மா உக்கார்றது" என்று ஆயில் பாட்டிலை வாங்கிப் பிடித்துக்கொண்டார். வலது இடமானது, இடது வலமானது. நிப்பிள்கள் இரண்டும் வானத்தைப் பார்த்தன.

"பெடலுக்கு யாரு? எனக்கு முட்டி போச்சு" என்றார் சித்தப்பா.

"தள்ளு, நான் மிதிக்கிறேன்." அம்மா வாசலில் நின்றாள். "கல்யாணமான புதுசுல இந்த வேலை நான்தானே பார்ப்பேன்."

"பிரேக் போட்டாத்தான் ஏறுவேன்னீங்களே அண்ணி?"

"வண்டி ஓடவா போகுது? சக்கரத்துக்குக் கட்டை வச்சிருக்கில்ல?"

ஏறி உட்கார்ந்தாள். "மிதிங்கம்மா" என்று மூத்தவள் சொல்லுமுன்பே மிதித்துவிட்டு, "பிடிச்சிருக்கேன்" என்றாள். நிப்பிளிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்தது. மறுபடி மிதித்தாள், மறுபடி பிடித்தாள். ஒரு கட்டத்தில் குமிழி நின்று ஆயில் மட்டும் வந்தது.

"இறுகிடுச்சுடி. அசைய மாட்டேங்குது."

மூத்தவள் எழுந்து வந்து அம்மாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது. அப்பா செத்த மறுநாள் இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

மூத்தவள் தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தாள். தொட்டதும் நின்றது. பெட்டியைப் பின்னால் ஏற்றிக் கட்டினார்கள், தம்பி பக்கத்தில் பிடித்துக்கொண்டான். அம்மா முன்னால் உட்கார்ந்தாள். மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள். ஊர்தியும் காலியாகவே கூட வந்தது.

சரிவின் பாதியில் அம்மா, "நிறுத்து" என்றாள்.

மூத்தவள் மிதித்தாள். எருமை செங்குத்தில் அப்படியே நின்றது. பின்னால் வந்த கூட்டமும் நின்றது.

"ம். போ."

கொஞ்ச தூரம் போனதும், "நிறுத்து."

மறுபடியும் நின்றது. மூன்றாம் முறை பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "நல்லாப் பார்த்துக்குங்க அண்ணி" என்று சித்தப்பா கத்தினார். அம்மா திரும்பிப் பெட்டியைப் பார்த்து, "இதை அப்பவே பண்ணியிருந்தா என்னவாம்?" என்றாள். கீழே வரும் வரை அவள் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை.

ஓடைக்கரை சமதளமாக இருந்தது. மூத்தவள் எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, பெடலிலிருந்து காலை எடுத்தாள். பின்னால் ஆட்கள் கூடிக் கயிற்றை அவிழ்த்தார்கள். பெட்டியைத் தூக்கியதும் பாரம் குறைந்து வண்டியின் பின்பக்கம் லேசாக எழும்பியது.

மூத்தவள் சுற்றி வந்து அம்மா பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"இறங்கலாமாம்மா?"

"இரு."

அம்மா நேராக ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் பெடல் எதுவும் கிடையாது, வெறும் தகரத் தரைதான். அதில் அவளுடைய வலது கால், விரல் நுனிகள் வெளுக்கும்படி, இன்னும் அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. மூத்தவள் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.