கடத்தல்காரன் குகையில் கடைசிப் படகு

இன்று ஒரு நாள் தண்ணீர் வடியாமல் நின்றால் போதும். விஜிதரனுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

அமிர்தகழிப் பக்கம், வாவிக் கரையில் தகரம் போர்த்திய அந்த நீண்ட கொட்டகைக்குக் கடத்தல்காரன் குகை என்று பெயர். சினிமாப் பூங்கா என்று தடபுடலாகத் திறந்ததில் ராட்டினம் முதற்கொண்டு எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரன் ஏற்றிப் போய்விட்டான். குகை மட்டும் மிச்சம். ஒரு காலத்தில் ஏறாவூரிலிருந்தும் வந்தாறுமூலைக் கம்பஸிலிருந்தும் சனம் வந்து வெயிலில் வரிசை கட்டியது இதற்குத்தான். படகில் ஏறிவிட்டால் கதாநாயகன் நீங்கள்தான். மழையில் சண்டை, ரயில் கூரையில் துரத்தல், கதாநாயகியின் கனவில் காகிதப் பனி, கடைசியில் சுழல் நாற்காலியில் மீசை முறுக்கிய வில்லன். அவன் காலடியில் டைம்பாம். சிவப்பு வயரை இழுத்தால் தப்பினீர்கள். தவறினால் தலையில் பவுடர் மழை!

படகைக் கம்பி போட்டு இழுக்கும் மோட்டருக்கு லீவர் பிடித்தவன் விஜிதரன். எந்த இருட்டில் சட்டென்று நிறுத்தினால் எந்த வயதுக்காரர் அலறுவார் என்பது அவனுக்கு அத்துப்படி. அவனுக்குத் தெரிந்த ஒரே தொழிலும் அதுதான்.

கட்டியவர்கள் விட்ட பிழை ஒன்று உண்டு. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடி, தண்ணீர் தளும்பிய மாதத்தில் வந்து மட்டம் பார்த்துக் கால்வாய் வெட்டிவிட்டார்கள். மூழ்கிய வயல்களைக் காப்பாற்ற முகத்துவாரத்தை வெட்டி விட்டதும் தண்ணீர் கடலைப் பார்க்க ஓடியது; படகுகள் தரை தட்டின. பிறகு பம்ப் வைத்து இறைத்து ஓட்டினார்கள். டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம் பம்பை விற்றுக் குகையைப் பூட்டினார்கள்.

இப்போது அடைமழை. வாவி மறுபடி தளும்பி, பம்ப் இல்லாமலே கால்வாய் நிரம்பி நிற்கிறது. இந்த நேரம் பார்த்துத்தான் கட்டாரிலிருந்து திரும்பிய ஏறாவூர் இஷாம், குகையை வாங்கும் யோசனையோடு வருகிறான். ஓடிக்காட்டினால் வாங்குவான், லீவர் மறுபடி விஜிதரன் கைக்கு வரும். ஓடாவிட்டால் இரும்புக்காரனைக் கூப்பிடச் சொல்லிவிட்டார் முதலாளி. பம்ப் கதையைப் பற்றி விஜிதரன் இஷாமிடம் மூச்சு விடவில்லை.

பயம் ஒன்றே ஒன்று: மாமனார் கந்தப்போடி. அவருடைய வயல்வட்டை முழுக்கத் தண்ணீருக்குள். முகத்துவாரத்தை வெட்டு வெட்டு என்று கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை பிடித்தவர் அவர். நாளைக்கு வெட்டுவதாக முடிவு. அதனால்தான் இஷாமை இன்றைக்கே வரச் சொன்னான்.

கார் வந்து நின்றது. முதலில் குதித்து இறங்கியவள் இஷாமின் மனைவி நிஸ்றா.

"அல்லாஹ்! இன்னும் இரிக்கிதே! விஜியண்ணன், அந்த மீசைக்காரன் உள்ளுக்கு இரிக்கானா?"

"உங்களத்தான் பாத்துக்கொண்டு இரிக்கான் தங்கச்சி."

இஷாம் சிரித்தான். "கலியாணம் முடிச்சு முதமுதல் வந்த எடம் இது. அதுவரைக்கும் என்ட முகத்த நிமிந்து பாக்காத ஆள், பயத்துல என்ட சேட்டக் கிழிச்சுப் போட்டா."

"பொய்! கிழிஞ்ச சேட்டத்தான் போட்டுக்கு வந்தீங்க."

"பாருங்க விஜி, கட்டார்ல இத விடப் பெருசெல்லாம் காட்டின. ஒண்டும் புடிக்கல்ல. குகை, குகை எண்டே நிண்டா."

விஜிதரன் லீவரை இழுத்தான். மோட்டர் இருமியது, செருமியது, பிடித்துக்கொண்டது. படகு அசைந்து இருட்டுக்குள் நுழைந்தது. மழை கொட்டும் ஓசை, துப்பாக்கிச் சத்தம், ரயில் கூவல். நிஸ்றாவின் அலறல் தகரத்தில் மோதித் திரும்பி வந்தபோது அவனுக்கு மயிர் கூச்செறிந்தது. எத்தனை வருடம் ஆயிற்று, இந்தச் சத்தம் கேட்டு!

போன் அடித்தது.

"மருமகன்! வெட்டியாச்சு!" கந்தப்போடி.

"நாளைக்கெண்டுதானே மாமா சொன்னீங்க?"

"ராவு அடிச்ச மழைக்கு நாளை வரைக்கும் பாத்திருக்கேலுமா? விடிய பெக்கோ மெசின எறக்கி வெட்டிப்போட்டம். கடல் என்ன இழுவை இழுக்குது தெரியுமா! வரம்பு தெரியுது மனே, வெள்ளாமை தப்பீட்டுது!" கிழவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிரித்தறிய முடியவில்லை.

"சந்தோசம் மாமா," என்றான் விஜிதரன்.

அடுத்த கணம், வாவியிலிருந்து கால்வாய்க்குத் தண்ணீர் வரும் மதகுக்குப் பாய்ந்தான். தண்ணீர் இறங்கி, கால்வாய்ச் சுவரில் ஈரக் கோடு மேலே தெரிந்தது. பலகை போட்டு அடைத்தால் ஒரு சுற்றுக்குத் தாங்கும். பலகை எங்கே? குகை பூட்டிய வருடமே, வயல் வாய்க்காலுக்கு உதவட்டும் என்று மாமனாருக்குத் தூக்கிக் கொடுத்தவன் அவனேதான்! கிழிந்த சாக்கைத் திணித்தான். உருவிக்கொண்டு போயிற்று. தகரத்தைச் சாய்த்தான். புரண்டது. கடைசியில் தானே இறங்கி முதுகைக் கொடுத்தான். வாவி அவனுடைய இரு பக்கத்தாலும் அவசரமே இல்லாமல் வழிந்து வெளியேறியது.

உள்ளே கறகறவென்று ஒரு சத்தம். பிறகு இஷாமின் குரல்: "விஜி! படகு தரையில குந்திட்டுது!"

"இந்தக் கட்டம் முந்தி இல்லையே, விஜியண்ணன்!" நிஸ்றா இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் சேறு சொட்ட ஓடிவந்து மோட்டரை நிறுத்தி, பக்கக் கதவை உதைத்துத் திறந்தான். பகல் வெளிச்சம் குகைக்குள் விழுந்தது. இருவரும் செருப்பைக் கையில் பிடித்தபடி முழங்கால் சேற்றில் நடந்து வந்தார்கள். சுழல் நாற்காலியருகே நிஸ்றா நின்றாள். வில்லனின் நெஞ்சு வெடித்து, எலி கடித்த பஞ்சு தொங்கியது. மீசை, தரை கூட்டும் தும்புக்கட்டையின் தும்பு.

"இவனா?" என்றாள். "இவனுக்கா நான் பயந்த?"

அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

"தண்ணிக்கு என்ன நடந்த?" என்று கேட்டான் இஷாம்.

விஜிதரன் எல்லாவற்றையும் சொன்னான். முகத்துவாரம், மட்டம், விற்ற பம்ப், எல்லாம்.

"அப்ப திரும்ப எப்ப ஓடும்?"

"அடுத்த மாரிக்கு, வயல்வட்டை தண்ணிக்குள்ள தாழக்குள்ள."

இஷாம் காலிலிருந்த சேற்றைக் கதவு நிலையில் மெல்ல வழித்தான். "முதலே சொல்லியிருந்தா ரெண்டு பம்ப் நான் போட்டிருப்பன், விஜி. அது பெரிய விசயமில்ல. இனி நீங்க சொல்லுற எத நம்பி நான் வாங்குற?"

விஜிதரன் நிஸ்றாவைப் பார்த்தான். அவளாவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா? அவள் வெளியே வாவியைப் பார்த்தபடி, "வாங்க போவம்," என்றாள். "நாம வந்திருக்கப்படாது."

கார் திரும்பிப் போனது. விஜிதரன் முதலாளிக்குப் போன் எடுத்தான்.

"என்னப்பா, ஓடிச்சா?"

"பாதி வழி ஓடிச்சு ஐயா."

மறுமுனை, "அப்ப இரும்புக்காரனுக்கு நீயே சொல்லிவிடு," என்றது.