பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகள்

எங்கள் வண்டிக்கு இடமில்லை என்று பதில் வந்ததுமே, அது டுவேனின் வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பதிலில் அவர் பெயர்தான் இருந்தது. "பத்து வருடத்துக்கு மேற்பட்ட வீட்டு வண்டிகள் படம் பார்த்த பிறகே அனுமதிக்கப்படும். உங்கள் படங்கள் திருப்தியாக இல்லை. வருந்துகிறோம்." அவ்வளவுதான். வண்டியையே வீடாக நிறுத்திக்கொள்ளும் அந்தப் பார்க்கில் பத்தொன்பது குளிர்காலம் கழித்தவர்களுக்கு மூன்று வரி.

விதி புதிது. போன வசந்தத்தில், பாலைவன ஊரான யூமாவுக்கு வெளியே இருக்கும் அந்தப் பார்க்கை யாரோ புது முதலாளி வாங்கினார். வாங்கியவுடன், பழைய வண்டிகள் வரிசையாக நின்றால் பார்க்கின் முகமே கெட்டுப்போகிறது என்று முடிவு செய்தார். படங்களைப் பார்த்து சரி, சரியில்லை என்று சொல்லும் பொறுப்பு டுவேனிடம் போனது. டுவேன் தெற்கு டகோட்டாவில் பன்றிப் பண்ணை வைத்திருந்த மனிதர். வாசலைப் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளமாக ஓர் இடத்தில் வாடகை இல்லாமல் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். போன பிப்ரவரியிலிருந்து, என் தங்கை கொரினின் காபியையும் வாடகை இல்லாமல் குடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அங்கேதான் வலித்தது. தன் கணவர் இறந்த பிறகு கொரின் நெப்ராஸ்கா வீட்டை விற்றுவிட்டு அந்தப் பார்க்கிலேயே நிரந்தரமாகக் குடியேறினாள். விமானம் ஏறமாட்டாள். பனியைப் பார்த்தால் அவள் முழங்கால் வலியில் அழும். எங்கள் வண்டி அவள் பக்கத்து இடத்தில் நிற்கும் அந்தக் குளிர்கால மாதங்கள் மட்டும்தான் எங்கள் இருவருக்கும் மிச்சம். அந்த இடம் போனால் தங்கையும் போனாள்.

அவளுக்குப் போன் செய்தேன்.

"உன் ஆள் என்ன பண்ணியிருக்கார் தெரியுமா?"

"என் ஆளா? அக்கா, டுவேன் அப்படிப்பட்டவர் இல்ல."

சண்டை வரும்போது மட்டும்தான் நான் அவளுக்கு அக்கா.

"எப்படிப்பட்டவர்?"

"நீ நினைக்கிற மாதிரிப்பட்டவர்."

"நான் என்ன நினைக்கிறேன்னு இன்னும் சொல்லவே இல்லையே!"

"நீ சொல்லித்தான் தெரியணுமா? நான் பொறந்ததுலேர்ந்து உன்னைப் பார்த்துட்டு இருக்கேன்."

போனை வைத்துவிட்டு யோசித்தேன். பக்கத்து இடம் காலியாக இருந்தால் யாருக்கு வசதி? மாலையில் அக்காள் ஒருத்தி சீட்டுக்கட்டோடு வந்து நடுவில் உட்காரவில்லை என்றால் யாருக்கு நிம்மதி? கணக்கு சரியாக வந்தது.

படங்களில் ஒரு குறையும் இருந்திருக்க முடியாது. செப்டம்பர் முழுக்க நான் அந்த வண்டியைத் தேய்த்திருந்தேன். பக்கவாட்டுக் கோடுகள் புதிது. வாசலுக்கு மேலே விரிக்கும் நிழல் துணி புதிது. கூரையில் ஏறி நானே வெள்ளைப் பூச்சு பூசினேன். முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் என் போனில் எடுத்த படங்களை அனுப்பச் சொல்லி என் கணவர் மெர்லிடம் கொடுத்தேன். கணினி வேலை எப்போதும் அவருடையது.

"போகட்டும் விடு," என்றார் மெர்ல். "இந்த வருஷம் ஓமஹாவுல பையன் வீட்டுல இருந்துடலாம். கீழ் அறையைக் காலி பண்ணித் தர்றேன்னு சொன்னான்."

"ஜன்னலே இல்லாத அறையிலயா? அஞ்சு மாசமா?"

"விளக்கு இருக்கு."

பண்பானவர், சண்டை பிடிக்காதவர் என்று நினைத்துக்கொண்டேன். "கிளப்பு வண்டியை," என்றேன். "நேர்ல கொண்டுபோய் அந்த ஆள் முன்னாடி நிறுத்துவோம். வண்டியைக் கண்ணால பார்த்துட்டு வேணாம்னு சொல்லட்டும், கேட்டுக்கிறேன்."

மெர்ல் அன்று இரவு உணவில் உருளைக்கிழங்கைத் தொடவே இல்லை. மறுநாள் டயருக்குக் காற்றுப் பிடித்தார்.

பயணம் வழக்கம்போல இல்லை. கன்சாஸிலும் நியூ மெக்சிகோவிலும் பகல் இரண்டு மணி ஆனதும் எங்கேயாவது நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் இருட்டும்வரை ஓட்டுகிறவர். "வலது பக்கம் யாராவது வர்றாங்களா?" என்று நொடிக்கொரு முறை கேட்டார். பேச்சு வேறு இல்லை. போக மனமில்லாமல் முரண்டு பிடிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். என் கோபம் முழுவதும் யூமாவுக்காகச் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. கணவர்மேல் செலவழிக்க மனம் வரவில்லை.

கடைசி நாள் நான்தான் நிற்க விடவில்லை. "இன்னும் ஒரு மணி நேரம்தான், ஓட்டிடு," என்று விரட்டினேன். சாயங்கால வெயிலில் வாசலுக்கு வந்து சேர்ந்தோம்.

டுவேன் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"ஆர்லிஸ்! நீங்க வர்றீங்கன்னு கொரின் சொன்னா. வர வேணாம்னு நான் எழுதியிருந்தேனே?"

"எழுதினீங்க. படிச்சோம். வந்துட்டோம். பாருங்க வண்டியை."

அவர் பார்த்தார். நிதானமாகச் சுற்றி வந்தார். பக்கவாட்டைத் தட்டினார், டயர்களைக் குனிந்து பார்த்தார், பின்பக்க ஏணியில் ஏறிக் கூரையைத் தடவினார். நான் ஒவ்வோர் அடியும் கூடவே நடந்தேன். இறங்கி வந்தவர் முகத்தில் குழப்பம்.

"இது அந்த வண்டியே இல்லையே."

"எந்த வண்டி?"

"நீங்க படம் அனுப்பின வண்டி." தன் போனைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார்.

எங்கள் வண்டிதான். கூரையில் நீலத் தார்ப்பாய், கிழிந்து தொங்கும் நிழல் துணி, பக்கமெல்லாம் அம்மை வடுப்போலப் பள்ளங்கள். நாலு கோடைக்கு முன் ஆலங்கட்டி மழை அடித்தபோது காப்பீட்டுக்காரர்களுக்குக் காட்ட எடுத்த படங்கள். எவ்வளவு அலங்கோலமாக எடுக்க முடியுமோ அவ்வளவு அலங்கோலமாக, குனிந்தும் நெருங்கியும் மெர்ல் எடுத்தவை.

"இதைப் பார்த்துட்டு நான் எப்படிங்க சரின்னு சொல்றது?" என்றார் டுவேன். "முதலாளி என்னைத் துரத்திடுவார்."

நான் மெர்லைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பாப் போயிருக்கும்," என்றார்.

பேரப்பிள்ளைகளின் படங்களைத் தேதிவாரியாக அடுக்கி வைக்கிற மனிதர் அவர். எந்தக் கிறிஸ்துமஸில் யார் எந்தச் சட்டை போட்டிருந்தார்கள் என்று கேட்டால் உடனே எடுத்துக் காட்டுவார். அவரிடம் தப்பாகப் போவது என்று ஒன்று கிடையாது. இவருக்கு இங்கே வர வேண்டாமா? கொரினைப் பிடிக்கவில்லையா? இல்லை, ஓமஹாவில் என்ன இருக்கிறது? ஜன்னலில்லாத அறையைத் தேடிப் போகிற அளவுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? ஒரு மாதமாக டுவேன்மேல் வைத்திருந்த சந்தேகம் அப்படியே எழுந்து இடம் மாறி, என் கணவர்மேல் உட்கார்ந்துகொண்டது.

"உள்ள போங்க," என்றார் டுவேன். "வண்டி நல்லாத்தான் இருக்கு. பழைய இடம் காலியாத்தான் வெச்சிருக்கேன். ரெண்டு பேர் கேட்டாங்க, குடுக்கல. கொரின் என்னை உதைச்சிருப்பா."

நன்றி சொல்ல வேண்டிய இடம். தலையை மட்டும் ஆட்டினேன்.

வண்டியைப் பின்னால் எடுத்து இடத்தில் நுழைப்பதுதான் எங்கள் பார்க்கில் சாயங்கால வேடிக்கை. யாராவது புதிதாக வந்தால் எல்லோரும் மடக்கு நாற்காலியும் பீர் டப்பாவுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கணவன் ஓட்டுவான், மனைவி பின்னால் நின்று கை காட்டுவாள், பாதியில் சண்டை வரும். எந்தத் தம்பதி எத்தனை நிமிடம் தாங்கும் என்று பந்தயம்கூட உண்டு. எங்களுக்குச் சண்டை வந்ததே இல்லை. அதனால் எங்களைப் பார்க்க அவ்வளவு கூட்டம் சேராது.

"மெர்ல்! இந்த வருஷமாவது கொஞ்சம் கத்துங்கப்பா, போரடிக்குது!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

கொரின் அவள் வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். அவள் நிழல் துணியின் ஓரத்தில், எல்லையைத் தாண்டி எங்கள் இடத்துக்குள் நீட்டிக்கொண்டு, டுவேனின் நாற்காலி கிடந்தது. கை வைக்க அகலமான கட்டை, குவளை வைக்க ஓட்டை. ராஜா மாதிரி.

நான் வலது பின்பக்கம் போய் நின்றேன். வா, வா, மெதுவாக, இடது, வா. வண்டி வந்தது. நாற்காலி நெருங்கியது. இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்தேன். நில் என்று அர்த்தம்.

வண்டி நிற்கவில்லை.

"மெர்ல்!"

மளுக்கென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. டுவேனின் நாற்காலி பின்சக்கரத்துக்கடியில் அப்பளமாகக் கிடந்தது. பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"ஆர்லிஸ், அந்த நாற்காலி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

கொரின் ஓடி வந்தாள். "அக்கா! வேணும்னேதானே பண்ணினே?"

"நானா? நான் நிறுத்தச் சொன்னேன்!"

"போன்ல நீ பேசின பேச்சுக்கு, நம்பச் சொல்றியா?"

வண்டியின் முன்பக்கம் நடந்தேன். வலது ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றேன். சூரியன் எனக்குப் பின்னால் இருந்தது. மெர்ல் வலது பக்கக் கண்ணாடியை நோக்கிக் கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறேன்.

"ஆர்லிஸ், எங்க நிக்கிறே?" என்று பின்பக்கம் கேட்கும்படி கத்தினார். "கையை நல்லாத் தூக்கிக் காட்டு!"

என் சந்தேகங்கள் எல்லாம் அந்த இடத்திலேயே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டன.

ஏறி உள்ளே போய், சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன்.

"எப்போலேர்ந்து?"

அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. "வலது கண் போயிடுச்சு. ஆகஸ்ட்ல டாக்டர் சொன்னாரு. இடது கண்ல புரை. காலைல பரவாயில்ல, நேராப் போற ரோடு பரவாயில்ல. வெயில் எதிர்ல அடிச்சா எல்லாம் பால் ஊத்தின மாதிரி இருக்கு."

"ஆகஸ்ட்லயா? டயர் கடைக்குப் போறேன்னு போனியே, அன்னிக்கா?"

"டயர் கடைக்கும் போனேன்."

அடிக்கத் தோன்றியது. பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா வண்டியை வித்துடலாம்பே. ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டே. அப்புறம் ஒவ்வொரு நவம்பரும் ஜன்னல்கிட்ட நின்னு கொரினுக்குப் போன் பண்ணுவே. என்னாலதான் அவ உனக்கு இல்லாமப் போனான்னு நான் பார்த்துட்டே இருக்கணும்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பார்க் வேணாம்னு சொல்லிட்டா, பார்க்கைத் திட்டிட்டுப் போயிடுவேன்னு நினைச்சேன்."

"நான் டுவேனைத் திட்டினேன். ஒரு மாசமா, காலைலயும் சாயங்காலமும்."

"தெரியும். அவர் பன்றி வளர்த்தவர், தாங்குவார்னு விட்டுட்டேன்."

"ஆயிரத்து சொச்சம் மைல் என்னை உட்கார வெச்சு ஓட்டியிருக்கே, மெர்ல். எதிர்ல லாரி வந்த ரோட்ல."

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்த விஷயத்தை அன்று மன்னிக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

வெளியே ஹாரன் சத்தம். எங்கள் வண்டி பாதி இடத்திலும் பாதி தெருவிலுமாகக் குறுக்கே நின்றது. பின்னால் புத்தம் புதிய, ரயில் பெட்டி நீளத்தில் ஒரு வண்டி வந்து நின்றிருந்தது. அதற்கு வயது பத்து மாதம்கூட இருக்காது. டுவேன் ஜன்னலருகே வந்தார்.

"ஏதாவது பிரச்சினையா? நான் வேணா ஓட்டித் தரட்டுமா?"

அவர் முகத்தை முதல் முறையாகச் சரியாகப் பார்த்தேன். நாற்காலி போன வருத்தம் இருந்தது, வேறொன்றும் இல்லை.

"வேணாம். உங்க நாற்காலிக்குப் பதிலா வேற வாங்கித் தந்துடுறேன். அப்புறம்... உங்களைப் பத்தி நிறையப் பேசிட்டேன், டுவேன்."

"கொரின் சொன்னா. பாதிக்கு மேல சொல்லலைன்னு நினைக்கிறேன்."

"பாதிகூட இருக்காது."

மெர்லின் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தேன். "எழுந்திரு. பின்னாடி போய் நில்லு. இடது பக்கமா நில்லு, எனக்கு அதுதான் தெரியும்."

"நீ இதை ஓட்டினதே இல்லையே!"

"டிராக்டர் ஓட்டியிருக்கேன்."

"அப்போ உனக்குப் பதினேழு வயசு!"

"இப்போ உன்னைவிட எனக்குக் கண்ணு தெரியுது. இறங்கு."

அவர் இறங்கினார். கொரின் அடுத்த கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஏறினாள். "மெர்ல் ஏன் அழுறாரு?" என்றாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். அவள் மேலே எதுவும் கேட்காமல் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டாள், ஏதோ நெப்ராஸ்காவுக்கே திரும்பிப் போவதுபோல.

முதல் தடவை மறுபக்கத்துக் கள்ளிச்செடிகளை நோக்கிப் போனேன். இரண்டாவது தடவை இன்ஜின் அணைந்துவிட்டது. மெர்ல் பின்னால் நின்று கையைச் சுழற்றியபடி ஏதேதோ கத்தினார். நானும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திருப்பிக் கத்தினேன். கூட்டத்துக்கு ஒரே கொண்டாட்டம். ஹாரன் அடித்தவர்கூட இறங்கி வந்து, யாரோ நீட்டிய பீரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளிச்சம் மங்குவதற்குள் வண்டி இடத்துக்குள் நின்றது. கொஞ்சம் கோணல்தான். ஆனால் கொரினின் கதவுக்கும் என் கதவுக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை.

கொரின் சாப்பாடு சூடு பண்ணப் போனாள். மெர்ல் என் கதவைத் திறந்து கை கொடுத்து இறக்கினார்.

"ஏப்ரல்ல திரும்பிப் போகணுமே, என்ன பண்றது?"

"அதுக்குள்ள நான் ஒழுங்கா ஓட்டக் கத்துக்கிறேன். நீ புரையை எடுத்துக்கிற."

"ஒத்தக் கண்ணு, ஆர்லிஸ். அதுல கத்தி வைக்கிறதுன்னா பயமா இருக்கு."

"இருக்கட்டும். நான் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன்."

"சரி," என்றார் மெர்ல். "நாளைக்கு நானே டாக்டருக்குப் போன் பண்ணி நேரம் வாங்கிடுறேன்."

எவ்வளவு இதமான முகம்! நாற்பது வருடமாக அந்த முகத்தைத்தான் நம்பிவந்தேன். அவருடைய சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

"நான் பண்றேன்," என்றேன்.