கும்பாபிஷேகம் முடியட்டும்

"அக்கா, அந்தத் தலகாணிய முதுகுக்குக் குடு" என்றான் சித்தார்த்தன். அப்பாவின் தோளைப் பிடித்து, சுவரைப் பார்த்துத் தூங்குகிற மாதிரி ஒருக்களித்துத் திருப்பியிருந்தான். யமுனா தலையணையைக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் எதற்குக் கொடுத்தோம் என்று உறைத்தது.

அப்பா மருதை விடிகாலை ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். எழுபத்தாறு வயது, மூன்று மாதப் படுக்கை. யமுனா தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். நாடி பார்த்து, கண்ணில் டார்ச் அடித்து, தம்பியை எழுப்பினாள். அங்கேதான் தப்புச் செய்தாள். வாசலில் நின்று ஒரு குரல் அழுதிருந்தால் மற்றதெல்லாம் தானாக நடந்திருக்கும்.

காட்டூரில் அவர்கள் தெருக்கோடி மாரியம்மன் கோயிலுக்கு அன்று காலை பத்து இருபதுக்குக் கும்பாபிஷேகம். சித்தார்த்தன் விழாக்குழுச் செயலாளர். தெருவில் பிணம் கிடந்தால் கலசத்தில் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். எடுத்த பிறகுதான் கோயில் நடையே திறக்கும்.

"நாலு நாளா யாகசாலை நடக்குதுக்கா. பத்து இருபது வரைக்கும் பொறுத்துக்க. கும்பாபிஷேகம் முடியட்டும்."

"வாய் தொறந்திருக்குடா. இப்பவே துணியால கட்டணும். வெறச்சுப் போச்சுன்னா அப்புறம் மூடவே மூடாது."

"கட்டுனா தெரிஞ்சுடும்ல? யாராச்சும் எட்டிப் பாத்தா என்ன சொல்றது?"

"அதுக்காக அப்பா வாயத் தொறந்துக்கிட்டே போகணுமா?"

"அப்பா இருந்தா அவரே இதத்தான் சொல்லியிருப்பாரு" என்று சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான். பட்டு வேட்டி இஸ்திரி போட்டுத் தயாராக இருந்தது. தீட்டு தெருவுக்குத்தான் போலிருக்கிறது, செயலாளருக்குக் கிடையாது.

அப்பா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று யமுனாவுக்குத் தெரியும். முன்பெல்லாம் அது கோயிலே இல்லை. வேப்பமரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை முடிந்து வரும் மருதை, ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு, கல்லின் தலையில் உள்ளங்கையை வைத்தபடி நிற்பார். வாய்விட்டு எதுவும் வேண்ட மாட்டார். "நாளெல்லாம் சூட்டுல கெடந்த கை. வச்சா குளுகுளுன்னு இருக்கும்மா. அதான் சாமி" என்பார்.

திருப்பணி என்று கிளம்பியதும் முதலில் வேம்பை வெட்டினார்கள். வேர் அஸ்திவாரத்தைத் தூக்கிவிடுமாம். கல்லுக்குப் பித்தளைக் கவசம், கவசத்துக்கு முன்னால் எவர்சில்வர் கிரில், கிரில்லுக்கு முன்னால் உண்டியல். சுவர் முழுக்கக் குளியலறை டைல்ஸ். வாசலில் ஃபைபர் சிங்கங்கள் இரண்டு, கண்ணில் சிவப்பு பல்போடு. அம்மன் தலைக்குப் பின்னால் ஓயாமல் சுற்றும் கலர் லைட் சக்கரம். போன வருடம் கிரில் மாட்டிய அன்று மருதை போய்ப் பார்த்தார். கம்பிக்குள் கையை விட்டார். எட்டவில்லை. பூசாரி "தள்ளி நில்லுங்க பெரியவரே" என்றாராம். வீட்டுக்கு வந்து, "நல்லாத்தான் இருக்கு. பேங்க் மாதிரி இருக்கு" என்றார். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

இதெல்லாம் தெரிந்தும் யமுனா வாயைத் திறக்கவில்லை. கும்பாபிஷேகத்தை நிறுத்திய வீடு என்ற பேர் வந்தால் ஏழு தலைமுறைக்கும் போகாது. அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. தம்பிமேல் வந்த அருவருப்பில் பாதி அவள்மேலேயே வந்தது.

கட்டிலருகே உட்கார்ந்து அப்பாவின் மோவாயை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருக்கும்வரை மூடியிருந்தது. எட்டரை மணிக்கு ஜன்னலில் நிழல் தட்டவும் கையை எடுத்தாள். விழாக்குழுத் தலைவர். தெருமுனை ஃப்ளெக்ஸில் அம்மனைவிட ஒரு சாண் பெரிதாக நிற்பவர்.

"பெரியவர் தூங்குறாராம்மா?"

"ம்" என்றாள் யமுனா.

"குடுத்து வச்சவரு. படுத்த எடத்துலயே மைக்குல மந்திரம் கேக்குது பாருங்க."

அந்த ஒரு 'ம்'முக்காக அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பத்து இருபதுக்கு மேளம் உச்சத்துக்குப் போனது. 'ஓம் சக்தி' என்று தெருவே கத்தியது. ட்ரோன் ஒன்று இரைந்துகொண்டு வந்து, தூக்கிய செல்போன்களின்மேல் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனது. கால்மணி நேரத்தில் சித்தார்த்தன் நனைந்த தலையோடு வந்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நல்லபடியா முடிஞ்சுதுக்கா."

"சரி. எல்லாருக்கும் சொல்லிடு."

"இரு. தெருவுல பந்தி போட்டாச்சு. ரெண்டாயிரம் பேருக்கு அன்னதானம். இப்பச் சொன்னா சோத்துல கைய வச்ச ஜனம் எந்திரிச்சுப் போயிடும். அது முடியட்டும். சாயங்காலம் அம்மன் வீதியுலா வேற இருக்கு..."

"அதுக்கும் படுத்திருக்கணுமா அவரு?"

"பாப்போம்க்கா" என்று சொல்லிக்கொண்டே சாம்பார் வாளி தூக்க ஓடினான்.

யமுனா மறுபடி அப்பாவின் மோவாயைத் தொட்டாள். அசையவில்லை. கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். மரக்கட்டையாக இருந்தது. ஆறு மணி நேரம் ஆகப்போகிறது. இனி அவள் அழுதாலும் ஒன்றுதான், அழாவிட்டாலும் ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ராக்கம்மாள் உள்ளே வந்தாள். எதிர்வீட்டுக்காரி. கணவன் இல்லை, பிள்ளை இல்லை, ஊர்வம்பு உண்டு. அவளைக் கண்டாலே யமுனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளிக்கிழமை தவறாமல் அவளுக்கு அருள் வரும். மைக் இருந்தால் வரும், கரண்ட் போனால் இறங்கிவிடும். இன்று கலசத்தில் தண்ணீர் விழும்போது மூன்று தடவை உருண்டதாகவும் தலைவரே மாலை போட்டதாகவும் மைக்கில் சொன்னார்கள். குழு கொடுத்த புது மஞ்சள் சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு சின்னச் சொம்பு.

"அண்ணனுக்குத் தீர்த்தம் கொண்டாந்தேன். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துலேருந்து கொடத்துல வந்த காவேரித் தண்ணி. அவரால வர முடியலைல்ல."

"தூங்குறாரு அத்தை. வச்சுட்டுப் போங்க, நான் குடுக்குறேன்."

"தூங்குற வாயில ரெண்டு சொட்டு விட்டா என்ன கொறஞ்சுடும்?"

யமுனா எழுவதற்குள் அவள் கட்டிலைச் சுற்றிப் போய்க் குனிந்து தண்ணீரை விட்டுவிட்டாள். அது வாய்க்குள் நிறைந்து, உள்ளே இறங்காமல், கடைவாய் வழியாகத் தலையணையில் வழிந்தது. ராக்கம்மாளின் கை அப்படியே நின்றது. பிறகு புறங்கையால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்ப?"

"விடியக்காத்தால. அஞ்சு மணிக்கு."

"வாயக் கட்டலையா?"

"தம்பி வேணாம்னுட்டான்."

இப்போது கத்துவாள், கூட்டத்தைக் கூட்டித் தீட்டு என்று ஆடுவாள் என்று யமுனா காத்திருந்தாள். ராக்கம்மாள் சொம்பைத் தரையில் வைத்தாள். முந்தானையின் ஓரத்தைப் பல்லால் கடித்து, நீளத்துக்கு ஒரு கிழி கிழித்தாள்.

"அத்தை, நீங்க சாமி காரியத்துல இருக்கீங்க. தீட்டு..."

"போடி" என்றாள் ராக்கம்மாள். "முப்பது வருஷமா உங்கப்பா ஊத்துன ஈரம் காயறதுக்குள்ள ஓடிப்போயி கும்புட்டவ நானு. அந்த ஈரத்தத் தொட்டாத்தான் எனக்கு ஒடம்பு சிலுக்கும். இப்ப உருள்றதெல்லாம், உருளலன்னா என்னை யாரு கூப்புடப் போறான்னுதான்."

இருவருமாகத் தலையணையை உருவி அவரை மல்லாத்தினார்கள். ராக்கம்மாள் தாடையைச் சுற்றித் துணியைக் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சை இறுக்கினாள். ஒரு விரல் இடைவெளி மூடாமலே நின்றது. இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். கால் பெருவிரல்களை யமுனா கட்டினாள்.

"நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?" என்றாள் ராக்கம்மாள்.

"எனக்கு இனிமே குரல் வராது அத்தை."

ராக்கம்மாள் கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். "எங்கண்ணே, நீ விடியலிலேயே போயிட்டியே" என்று ஒரு குரல் எடுத்தாள். மைக் இல்லாமலே அது தெருவின் அந்தக் கோடிவரை போனது.

யமுனா நிலைப்படிக்கு வந்து நின்றாள். ஸ்பீக்கரில் ஓடிய பாட்டை யாரோ நிறுத்தினார்கள். பந்தியில் முதல் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்து, இலையை மூடிவிட்டு எழுந்தார். பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். வரிசை வரிசையாக இலைகள் மூடின. நடுவில் சித்தார்த்தன் மட்டும் சாம்பார் வாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான்.