தண்ணீர் பிடிக்க இறங்கியவள்

அந்தக் குடியிருப்பின் நாலு மாடியிலும் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தனைக்கும் அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவள் இல்லை. ஜன்னல் திரையும் தலையணை உறையும் தைத்துக் கொடுப்பது தொழில். தன் இரண்டு பெண்களையும் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். அதனால் வந்த பேர் அது.

யோசனை கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. கீழ்வீட்டு நர்ஸ் தன் பையனுக்குப் பின்னக் கணக்கு ஏறவில்லை என்று வந்து நின்றால், "துணி வெட்டுறப்போ பக்கத்துல உக்கார வைங்க. அரையும் காலும் தானா மண்டைல ஏறும்" என்பாள். குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்களிடம், "பகல் வண்டியில போங்க. ரொட்டியும் அவிச்ச முட்டையும் கட்டிக்குங்க. தண்ணிய மட்டும் காசு குடுத்து வாங்காதீங்க, எந்த ஸ்டேஷன்லதான் குழாய் இல்ல?" என்பாள். சொன்னபடியே நடப்பவளும்கூட. ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டு வீட்டில் வேறு மாதிரி இருக்கிறாள் என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது.

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த அவளிடம், பெரியவளை ஏன் பள்ளியிலிருந்து நிறுத்தினாய் என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் முகம் இறுகிவிடும்.

பெரியவளுக்குப் பேச்சு திக்கும். இரண்டாம் வகுப்பில், எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டாள். வகுப்பே சிரித்தது. "வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும், நீ என்ன பண்ணப் போற?" என்று வகுப்பு ஆசிரியையும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். அதற்கப்புறம் தினமும் காலையில் சீருடையைப் பார்த்ததும் குழந்தை வாந்தி எடுத்தது. அம்மா ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் மதியமே பள்ளிக்குப் போய்க் கையோடு கூட்டிவந்துவிட்டாள். வாந்தி நின்றது. குழந்தை சிரித்தது. அதைவிட வேறென்ன வேண்டும் ஒரு தாய்க்கு?

இப்போது பெரியவளுக்கு வயது பதிமூன்று. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் போடுவாள், எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் படித்துவிடுவாள். பேச வேண்டிய தேவைதான் அவளுக்கு வருவதே இல்லை. "த... த..." என்று ஆரம்பிப்பதற்குள் தண்ணீர் கைக்கு வந்துவிடும். கடைக்காரர் ஏதாவது கேட்டால் அம்மா பதில் சொல்வாள். விருந்தாளி கேட்டால் சின்னவள் சொல்வாள். ஆறு வயதுச் சின்னவளுக்கு வீட்டில் வாயாடி என்று பேர். "ஒருத்தி வாயையும் சேத்து இவளே வாங்கிட்டு வந்துட்டா" என்று பஸ் டிரைவரான அப்பா சிரிப்பார். பெரியவளும் கூடச் சிரிப்பாள்.

அந்த விடுமுறைக்குக் கடலோர ஊரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் புறப்பட்டார்கள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் பெண்களும் மட்டும் பகல் வண்டியில் ஏறினார்கள். உச்சிவெயில் நேரத்தில் வண்டி ஒரு பெரிய ஜங்ஷனில் நின்றது. தண்ணீர் தீர்ந்திருந்தது. "தங்கச்சியைப் பாத்துக்கோ, இந்தா வந்துட்டேன்" என்று காலி பாட்டில்களோடு அம்மா இறங்கினாள்.

பக்கத்துக் குழாயில் காற்றுதான் வந்தது. நடைமேடையின் கோடியில் இன்னொன்று இருப்பதாக யாரோ கை காட்டினார்கள். அங்கே கூட்டம். அவள் முறை வந்து இரண்டாவது பாட்டிலைப் பிடித்தபோது முதுகுக்குப் பின்னால் வண்டி மெல்ல உரசிக்கொண்டு நகரும் சத்தம் கேட்டது.

பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடினாள். பெட்டிகள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. தங்கள் பெட்டியின் ஜன்னல் தெரிந்தது. பெரியவளின் முகம் கம்பியோடு ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. அம்மா கையை நீட்டினாள், கால் இடறிக் குப்புற விழுந்தாள். எழுந்து பார்க்கையில் கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்துவிட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் நரைத்த மீசைக்காரர், பதற்றமில்லாத மனிதர். நாற்காலியில் உட்காரவைத்து, அடுத்த ஸ்டேஷனுக்குத் தகவல் சொன்னார். பிறகு, "குழந்தைங்ககிட்ட போன் இருக்கா?" என்று கேட்டார்.

"என் போன் பையிலதான் இருக்கு. ஆனா எடுக்க மாட்டா. பெரியவளுக்குப் பேச்சு வராதுங்க. போன்னா சுத்தமா வராது. சின்னவளுக்கு எங்க இறங்கணும்னுகூடத் தெரியாது. யாராவது கூப்பிட்டா கூடப் போயிடுவாங்க..." அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"நம்பர் சொல்லுங்க."

மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் மறுபடி அடித்தார். இந்த முறை எடுத்துவிட்டார்கள். அறை முழுக்கக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி மேஜைமேல் வைத்தார். தண்டவாளத்தின் தடதடப்பு மட்டும் கேட்டது. அதற்குள்ளே ஒரு மௌனம் இருந்தது. அந்த மௌனம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சொல் தொண்டைக்கும் உதட்டுக்கும் நடுவில் எங்கோ நின்று முட்டுகிற மௌனம்.

பாய்ந்து குனிந்தாள். "கண்ணு, அம்மாடா! பயமா இருக்கா? பயப்படாத. தங்கச்சி அழறாளா? பசிக்குதா? பையில ரொட்டி இருக்கு. யாரோடயும் போகாத, அம்மா இந்தா வந்து..."

ஸ்டேஷன் மாஸ்டர் கையை உயர்த்தினார். "கொஞ்சம் இருங்கம்மா. குழந்தை ஏதோ சொல்ல வருது."

அவள் வாயை மூடினாள். தடதடப்பு நீண்டது. வெளியே அறிவிப்பு ஒன்று தொடங்கி முடிந்தது. குழந்தைக்குச் சொல்லை எடுத்துக் கொடுக்க நாக்கு துடித்தது. என்ன சொல்லைத் தருவது என்றுதான் தெரியவில்லை.

"நீ... நீ... வி... விழுந்ததப் பாத்தேன்" என்றது போன். "அ... அ... அடி பட்டுச்சாம்மா?"

அப்போதுதான் அவள் தன் முழங்காலைப் பார்த்தாள். ரத்தம் வழிந்து கணுக்கால்வரை வந்திருந்தது. அவள் கேட்டவை பயமும் பசியும் அழுகையும். குழந்தை சொல்ல வந்ததோ அவற்றில் ஒன்றுமே இல்லை.

"இல்லடா. லேசா சிராய்ப்பு" என்றாள்.

பெரியவள் மீதியையும் சொன்னாள். நேரம் பிடித்தது. யாரும் குறுக்கே பேசவில்லை. டிக்கெட் பரிசோதகரைத் தேடிப்பிடித்துச் சொல்லிவிட்டாளாம். அடுத்த ஸ்டேஷனில் அவரோடு இறங்கி, அங்கே ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருப்பார்களாம். எதிர் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் தன் வீட்டுக்கு வரச் சொன்னார்களாம், வரவில்லை என்றுவிட்டாளாம். பைகள் நாலும் கையில் இருக்கின்றனவாம்.

போன் வைத்த பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் பஞ்சும் மருந்தும் கட்டுத்துணியும் எடுத்துவரச் சொன்னார். "பேச்சு வராதுன்னீங்களேம்மா" என்று கேட்டார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. அவள் குனிந்து முந்தானையால் கணுக்கால் ரத்தத்தைத் துடைத்தாள்.

அடுத்து வந்த வண்டியில் ஏற்றிவிட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் ஒரு மர பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, எனக்கு அழுகையா வந்துச்சு. நான் பேசவே இல்ல. அக்காதான் எல்லார்கிட்டயும் பேசினா. ஒரு மாமா, சீக்கிரம் சொல்லுன்னு கத்தினாரு. அக்கா அவரையே பாத்துட்டு நின்னு, சொல்லி முடிச்சுட்டுத்தான் வந்தா."

பெரியவள் குனிந்து அம்மாவின் முழங்காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

கடலோர ஊரில் மூன்றாம் நாள் காலை. சின்னவள் மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று தோள் அசைவிலேயே தெரிந்தது. அம்மா அலையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நா... நான் ஸ்... ஸ்கூலுக்குப் போறேம்மா."

அம்மா அலையிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "சிரிப்பாங்கடி" என்றாள்.

"தெ... தெரியும்."

"அங்க உனக்காகப் பேச நான் இருக்க மாட்டேன்."

பெரியவள் வெகுநேரம் மணலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு, "அ... அதுக்குத்தான்மா" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். குழந்தை அதைப் பிரியமாகச் சொன்னது. அம்மா எழுந்து தண்ணீரோரமாக நடந்தாள். ஊசியும் கத்தரிக்கோலுமாகப் பகலைக் கழித்து, நடுநடுவே பாடம் சொல்லிக் கொடுத்த வருஷங்கள். கீழ்வீட்டு நர்ஸ் என்ன நினைப்பாள் என்பது அப்புறம். தான் கட்டிய கூட்டின் கதவு உள்ளேயிருந்து தட்டப்படுவது இவ்வளவு வலிக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவள் அழுததைக் கடல் இரைச்சலில் யாரும் கேட்கவில்லை.

வீடு திரும்பி, கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பிட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார். "அன்னிக்கு நீ அவளைக் கூட்டிட்டு வந்தது சரிதான்" என்றார். "இல்லேன்னா என்ன ஆயிருப்பாளோ. ஆனா இப்ப அவளே கேக்குறாளே."

"மறுபடியும் வாந்தி எடுத்தா?"

"எடுத்தா பாத்துக்கலாம். வீடு எங்கயும் போயிடாதே."

பழைய பள்ளி வேண்டாம் என்று, ஆற்றுப் பாலம் தாண்டி இருக்கும் வேறொரு பள்ளிக்குப் போனார்கள். தலைமையாசிரியை பேரைக் கேட்டார். பெரியவளின் தாடை இறுகியது, கண் இமை துடித்தது. சுவரில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா நாக்கை நிஜமாகவே பல்லால் கடித்துக்கொண்டாள். பேர் வந்தது, உடைந்து உடைந்து, ஆனால் முழுதாக. தலைமையாசிரியை அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

முதல் நாள் பள்ளி விடும் நேரத்துக்கு வெகு முன்பே அம்மா வாசலில் போய் நின்றுவிட்டாள். தைக்க வேண்டிய துணி வீட்டில் மலைபோல் கிடந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக, கத்திக்கொண்டும் இடித்துக்கொண்டும் வந்தார்கள். பெரியவள் கடைசியில், தனியாக வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு பேரும் பாலத்தின்மேல் நடந்தார்கள். அம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது தையலைவிடக் கஷ்டமான வேலையாக இருந்தது. பாதிப் பாலம் கடந்த பிறகு பெரியவள் நின்றாள்.

"ரெ... ரெண்டு பேர் சிரிச்சாங்க. அ... அப்புறம் யாரும் எங்கிட்ட பே... பேசல."

அம்மாவின் கை தன்னால் அவள் தோளுக்குப் போயிற்று. நாளையிலிருந்து போக வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. பெரியவள் இன்னும் முடிக்கவில்லை என்பதை அவளுடைய கழுத்து நரம்பு சொன்னது. லாரி ஒன்று பாலத்தை அதிரவைத்துக்கொண்டு கடந்தது.

"நா... நாளைக்கு நான் பேசிப் பா... பாக்குறேன்" என்றாள் பெரியவள்.

அம்மா தலையசைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவள் ஓரடி பின்தங்கினாள். பெரியவள் அதைக் கவனிக்கவில்லை, முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.