தகடு காய்ந்தால் திறக்கும்

சிற்றாற்றில் முங்கி எழுந்த ஈர வேட்டியோடு நல்லக்கண்ணு வாசலில் கால் வைக்கவும், மாடியிலிருந்து தம்பி மகள் சங்கரேஸ்வரி கத்தினாள்.

"பெரியப்பா! சீக்கிரம் மேல வாங்க!"

தம்பி ஆறுமுகநயினாரை எரித்துவிட்டு வந்த கால்கள். இனி இந்த வீட்டில் என்ன அவசரம்? விளக்கைக் கும்பிட்டுவிட்டு, முனகிக்கொண்டே படியேறினார்.

மொட்டைமாடியில் தம்பியின் பெட்டி நின்றது. இருட்டினால் தானாக மூடி திறந்து, உள்ளிருக்கும் தொலைநோக்கி தானாகத் திரும்பி, கூடியும் குறைந்தும் எரிகிற நட்சத்திரங்களைப் படம் பிடிக்குமாம். நல்லக்கண்ணு நம்பியதில்லை. அடுத்த வீட்டை வேவு பார்க்கிற கேமரா என்று மேலகரம் முழுக்கச் சொன்னவரே அவர்தான்.

"அப்பா வருசக்கணக்கா காத்துக்கெடந்த நட்சத்திரம் திடீர்னு பொங்கி எரியுதாம்! அப்பாகூட சேந்து நட்சத்திரம் பாக்குற ஜெனோ அண்ணன் நாகர்கோவில்ல இருந்து போன் போட்டாக. அங்க ஒரே மேகமாம். இன்னைக்கு நாமதான் பிடிக்கணும். இப்ப விட்டா மலைக்குப் பின்னால போயிரும்!"

அழுது வீங்கிய கண்ணில் இப்படி ஒரு துள்ளலா? அவருக்குக் கோபம் வந்தது.

"பின்ன, தொறக்க வேண்டியதுதான?"

"மழை பெய்யுதுன்னு மூடிக்கிட்டுக் கெடக்கு."

அண்ணாந்தார். இருட்டிவிட்ட வானத்தில், குற்றால மலைமேல் ஒரு பொட்டு மேகமில்லை.

"பொய் சொல்லுத மெஷினு. அன்னைக்கே சொன்னேன்."

"பொய்யில்ல. அப்பா இங்கனதான விழுந்தாக. பெரியம்மா தீட்டுன்னு வாளி வாளியா வீசிக் கழுவிட்டாக. அந்தா, கம்பு உச்சியில இருக்க தகடு நனைஞ்சா மழைன்னு நெனச்சுக்கிடும். எனக்கு எட்டல."

"மாடத்தி கழுவுனாளா? அவ ஊத்துனா மலையே நனையும்."

தோள்துண்டை எடுத்தார், சொட்டியது. அவள் சேலையும் தலைமுழுகிய ஈரம். வீட்டுத் துணியெல்லாம் தண்ணீரில் கிடந்தது. கதவு ஆணியில் தம்பியின் சட்டை மட்டும் உலர்ந்து தொங்கியது. கொஞ்சம் தயங்கி, எடுத்தார்.

எட்டித் துடைத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"சொன்னேம்லா?"

ஆனாலும் விடவில்லை. அழுத்தித் துடைத்தார். வாயால் ஊதினார்.

கரகரவென்று மூடி நகர்ந்தது. தொலைநோக்கி தலையைத் திருப்பி மேற்கே பார்த்து நின்றது.

"வந்துட்டு பெரியப்பா! வந்துட்டு! எம்புட்டு வெளிச்சம் பாருங்க!"

செல்போனில் ஒரு புள்ளி. பக்கத்துப் புள்ளிகளைவிடப் பெரிசு.

"இதுக்கா இம்புட்டுக் கூத்து?" என்றவர், போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

கீழேயிருந்து மாடத்தி மாடி லைட்டைப் போட்டாள்.

"ஏட்டி, அமத்துட்டி அதை!" என்று கீழே பார்த்துக் கத்தினார் நல்லக்கண்ணு.

இருட்டானது. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேட்டியிலிருந்து ஒரு சொட்டும் தெறித்துவிடாதபடி முனையைச் சுருட்டிப் பிடித்து, பெட்டியைவிட்டுத் தள்ளி நின்றார்.