இரண்டாவது கையெழுத்து

சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பைத் தேய்ப்பு எந்திரத்துக்குள் விட இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனை. இடது முனை ரேலீனுக்கு, வலது முனை அவள் தங்கை கெரினுக்கு. இருவரும் ஒரே நேரத்தில் உதறி விளிம்பைப் பட்டையின் மேல் வைத்தால் சூடான உருளை வாங்கிக்கொள்ளும். ஒருத்தி அரை நொடி பிந்தினாலும் துணி கோணிச் சுருண்டு எந்திரம் நின்றுவிடும். ஒன்பது வருடமாக ஹோபார்ட் நகரத்து ஆஸ்பத்திரி விரிப்புகளை அவர்கள் இப்படித்தான் உலர்த்தி அனுப்புகிறார்கள். எந்திரம் நிற்பது அபூர்வம்.

அன்று ஏழு மணிக்குள் இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் இடது பக்கம்.

"தூங்கலையாடி நீ?" என்றாள் கெரின்.

"தூங்கினேன்."

கெரின் சிக்கிய துணியை உருவி எடுத்து அழுக்குக் கூடையில் எறிந்தாள்.

ரேலீனின் மேலங்கிப் பைக்குள் ஒரு கடிதம் இருந்தது. முந்தின நாள் மாலை தபாலில் வந்தது. கெரினுக்குக் கார் வாங்கக் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் தலைப்பில் இருந்தது. உங்களோடு இணைந்து கடன் பெற்றவர் திவாலாகிவிட்டார், பாக்கி எட்டாயிரத்து எழுநூறு டாலருக்கும் இனி நீங்கள் ஒருவரே பொறுப்பு, பதினான்கு நாளுக்குள் தொடர்புகொள்ளவும்.

மோசடி என்றுதான் முதலில் நினைத்தாள். போன வருடம் சுங்கச் சாலைக் கட்டணம் பாக்கி என்று போனில் ஒரு செய்தி வந்து நாற்பது டாலர் கட்டினாள். டாஸ்மேனியாவில் சுங்கச் சாலையே கிடையாது என்பது கட்டிய பிறகுதான் உறைத்தது. இதுவும் அந்த மாதிரிதான் இருக்க வேண்டும். கெரின் திவாலாகியிருந்தால் தனக்குத் தெரியாமலா போகும்? போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம், தினமும் ஒரே காரில் வருகிறார்கள்.

ஆனால் கடன் எண் சரியாக இருந்தது. ராத்திரியே பழைய காகிதங்களை எடுத்து ஒத்துப் பார்த்துவிட்டாள்.

காலையில் வரும்போதே கேட்டிருக்கலாம். வழக்கம்போல வியாழக்கிழமை கொடுக்கும் பெட்ரோல் காசை, இரண்டு டாலர் நாணயங்கள் பத்தை, காரின் சாம்பல் தட்டில் போட்டாள். கெரின் ரேடியோவைத் திருகினாள். ரேலீன் கேட்காமலே விட்டாள்.

தேநீர் இடைவேளையில் கிளெனிஸ் லாட்டரிக் கணக்கு நோட்டோடு மேசை மேசையாக வந்தாள். சலவைக்கூடத்துப் பெண்கள் பதினோரு பேர் சேர்ந்து வாராவாரம் சீட்டு வாங்குவார்கள். ரேலீன் பத்து டாலர் நோட்டை நீட்டினாள்.

"கெரினோடதையும் இதுலயே எடுத்துக்க. இந்த வாரம் நான் போடறேன்."

கிளெனிஸ் கதவைப் பார்த்தாள். கெரின் வெளியே புகைபிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவ பேரு இப்ப இல்லையே."

கணக்கு நோட்டில் ஏழாவது பெயர் அடிக்கப்பட்டிருந்தது. அளவுகோல் வைத்து நேராக அடித்த கோடு.

"எதுக்கு அடிச்ச?"

"நானா அடிச்சேன்? எல்லாரும் சேர்ந்து சொன்னது. பெருசா ஏதாவது விழுந்துதுன்னா அந்தத் திவால் ஆபீஸ்காரன் வந்து மொத்தத்தையும் வாரிக்கிட்டுப் போயிருவான்."

"மொத்தத்தையும் எப்படி எடுப்பான்? அவ பங்கைத்தானே எடுக்கணும்."

"நீ போய் அவன்கிட்ட சட்டம் பேசு."

பக்கத்து மேசையிலிருந்து ஒருத்தி, "பதினோரு வருஷமா விழுந்தது எவ்வளவுடி கிளெனிஸ்?" என்றாள்.

"நாப்பத்திரெண்டு டாலர்."

"அதை எடுத்துக்கிட்டுப் போகட்டும் பாவம், குளிருக்கு ஒரு சாக்ஸ் வாங்கிக்குவான்."

சிரித்தார்கள். ரேலீனும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். கீழ் வரிசையில் அவளுக்கு மூன்று பற்கள்தான் மிச்சம்.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"அவளேதான். மாசத் தவணைல போன் வாங்கப் போயிருக்கா. பேரைத் தட்டினதுமே முடியாதுன்னுட்டானாம். இங்கதான் உக்காந்து அழுதா." கிளெனிஸ் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்தாள். "ரெண்டு மாசம் இருக்கும். நீ அன்னிக்கு லீவு. பல்லுக்குப் போயிருந்த. உனக்குத் தெரியும்னு நினைச்சோம்."

பல்லுக்குப் போன நாள் ரேலீனுக்கு நன்றாக நினைவிருந்தது. அரசு பல் மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியலில் மூன்று வருடம் என்றார்கள். தனியாரிடம் கீழ் வரிசை முழுவதும் கட்ட மூவாயிரம் டாலர். ஒன்றரை வருடமாகச் சேர்த்து இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தில் இருந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அச்சு எடுக்க நேரம் குறித்திருந்தார்கள். ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த ஹூவான் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவள், நாலு வருடமாக ஆப்பிளை வேகவைத்துத்தான் தின்கிறாள்.

சாப்பாட்டு நேரத்தில் துணிக் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கடன் ஆலோசனைக்கான இலவச எண்ணுக்குப் போன் செய்தாள். பதினெட்டு நிமிடம் பாட்டு ஓடியது. பிறகு ஓர் இளம் குரல். அன்பான குரல். அதனாலேயே சந்தேகம் வந்து, தன் பெயரைக் கொஞ்சம் தாமதித்துச் சொன்னாள்.

கடிதத்தை வாசித்துக் காட்டினாள்.

"இது உண்மையான கடிதம்தாங்க," என்றான் அவன். "நீங்க கையெழுத்துப் போட்டது இணைக் கடனாளியாவா?"

"அவ சம்பளம் மட்டும் பத்தாது, இன்னொரு கையெழுத்து இருந்தா இன்னிக்கே முடிஞ்சிரும்னாங்க. எங்க ஊர்ல முதல் பஸ் ஏழு மணிக்கு. எங்களுக்கு வேலை ஆறு மணிக்கு. ரெண்டு பேருக்கும் வண்டி வேணும்னுதான் போட்டேன்."

"புரியுது. அவங்க திவாலானதோட அவங்க பொறுப்பு முடிஞ்சு போச்சு. உங்களோடது முடியலைங்க."

"வண்டி அவகிட்டதானே இருக்கு. அதை வித்து எடுத்துக்க வேண்டியதுதானே."

"அவ்வளவு விலை குறைஞ்ச வண்டியை எடுக்க மாட்டாங்க. திவாலானவங்க வேலைக்குப் போய் வரணும்ல. அதுக்குச் சட்டத்துல பாதுகாப்பு இருக்கு."

"எனக்கு?"

அவன் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. "கஷ்டத்தைச் சொல்லித் தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதலாம். உங்ககிட்ட சேமிப்பு ஏதாவது இருக்கா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"அவங்க கேப்பாங்க. இருந்தா முதல்ல அதைக் கட்டச் சொல்வாங்க."

"பல்லுக்கு வச்சிருக்கேன்."

"அவங்க அதைச் சேமிப்புன்னுதாங்க பார்ப்பாங்க. இல்லன்னா நீங்களும் திவால் மனு போடலாம். கடன் போயிரும். ஆனா அதுலயும் சேமிப்பு..."

"ரெண்டு வழியிலயும் பல்லு போயிரும்."

அவன் மறுபடி விசைப்பலகையைத் தட்டினான். "வேற எதுலயாவது உங்களோட சேர்ந்து யாராவது கையெழுத்துப் போட்டிருக்காங்களா? மனுவுல அதை எழுதணும்," என்றான்.

"என்ன எழுதணும்?"

"இணைக் கடன் இருந்தா அந்த இன்னொருத்தர் பேரு, விலாசம். அவங்களுக்குக் கடிதம் போகணும்ல."

ரேலீன் கையிலிருந்த உறையைத் திருப்பினாள். கடன் வாங்கியபோது அவள் ஆற்றங்கரைப் பக்கம் பழைய வீட்டில் இருந்தாள். நிறுவனத்திடம் இருந்தது அந்த விலாசம்தான். உறையில் இருந்தது புதிய அடுக்ககத்தின் விலாசம், கதவு எண்ணோடு. அங்கே குடிபோனது ஜனவரியில். அந்த மாதக் கடைசியில் கெரின் காரில் வைத்துக் கதவு எண்ணைக் கேட்டாள், போனில் குறித்துக்கொண்டாள். உன் பிறந்த நாளுக்குக் கார்டு அனுப்பத்தான் என்றாள். பிப்ரவரியில் பிறந்த நாள் வந்தது. கார்டு வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"லைன்ல இருக்கீங்களா?" என்றது குரல்.

"இருக்கேன். அப்ப இது என் தலைல விழும்னு அவளுக்கு முன்னாடியே தெரியும்."

"அதை நான் சொல்ல முடியாதுங்க."

மதியத்துக்கு மேல் எந்திரம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. உதறினார்கள், இழுத்தார்கள், வைத்தார்கள். இரண்டரை மணிக்குக் கிளம்பினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

நகர எல்லை தாண்டி மலை ஏறும்வரை ரேலீன் கண்ணாடித் துடைப்பானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் புது விலாசத்தை யாருக்குக் கொடுத்த?"

கெரின் கியரை மாற்றினாள். மரம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதை முந்தவில்லை.

"ஃபாரத்துல கேட்டிருந்தாங்க."

"பிறந்த நாள் கார்டுக்குன்ன."

"கார்டு வாங்கினேன். வீட்ல இருக்கு."

"ஏன் அனுப்பலை?"

"என்ன எழுதறதுன்னு தெரியலை."

லாரியிலிருந்து சேற்று நீர் கண்ணாடியில் அடித்தது.

"தினமும் சொல்லணும்னுதான் நினைப்பேன்," என்றாள் கெரின். "மேடு ஏறினதும் சொல்லிரலாம்னு இருப்பேன். அதுக்குள்ள இறக்கம் வந்துரும். ஹோட்டல் துணி வர்றது நின்னு எனக்கு வேலை நேரத்தைக் குறைச்சாங்கல்ல, அதுலேர்ந்து கிரெடிட் கார்டு, கரண்ட் பில், கூட இருந்தவன் விட்டுட்டுப் போன பாக்கி, ஒண்ணு மேல ஒண்ணு. மனு போட்டா எல்லாம் தீர்ந்துரும்னு சொன்னாங்க ரேலீன். இனிமே நிம்மதியாத் தூங்கலாம்னாங்க."

"தூங்கறியா?"

கெரின் சாலையைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள்.

"தூங்கறேன்," என்றாள்.

இறக்கம் முடிந்து தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் ஓரமாக வண்டியை நிறுத்தினாள். தகரக் கூரை போட்ட சின்னக் கடை. ஆள் கிடையாது. பைபையாக ஆப்பிள், ஒரு பலகையில் விலை, காசு போட ஒரு தகரப் பெட்டி. எத்தனையோ வருடமாக அங்கே நின்று வாங்கியிருக்கிறார்கள். கெரின் சாம்பல் தட்டிலிருந்து இரண்டு நாணயங்களை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ரேலீன் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். கெரின் குனிந்து ஒரு பையை எடுத்தாள். பெட்டியை நோக்கித் திரும்பினாள். அவள் முதுகு பெட்டியை மறைத்தது. கை அசைந்த மாதிரி இருந்தது. கூரையில் மழைச் சத்தம். காசு விழுந்ததா என்று கேட்கவில்லை. இதற்கு முன் ஒருநாளும் அதைக் கவனித்துப் பார்த்ததில்லை.

மடியில் போன் அதிர்ந்தது. பல் மருத்துவரிடமிருந்து செய்தி. செவ்வாய் காலை ஒன்பதரை, அச்சு எடுக்க. வருவதானால் ஒன்று, ரத்து செய்ய இரண்டு என்று பதில் அனுப்பவும்.

கெரின் நனைந்த தலையோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சூட்டுக் காற்றின் துவாரத்தை ரேலீனின் கால் பக்கம் திருப்பி வைத்தாள். பையைப் பிரித்துத் தனக்கு ஒன்று எடுத்தாள், ஒன்றை நீட்டினாள்.

"எடுத்துக்க. இந்த வருஷத்துப் பழம். நல்லா கெட்டியா இருக்கு."

ரேலீன் இடது கையில் வாங்கிக்கொண்டாள். வலது கையால் இரண்டை அழுத்தி அனுப்பினாள்.

வண்டி கிளம்பியது. கெரின் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பழத்தைக் கடித்தாள். சாறு முகவாயில் வழிந்தது.

"நாளைக்கு அஞ்சே காலுக்கு வந்துடறேன்," என்றாள், மென்றுகொண்டே.

"ம்."

ரேலீன் தன் பழத்தைச் சட்டைக் கையில் துடைத்தாள். திருப்பி, அடிப்பக்கத்தையும் துடைத்தாள். பிறகு மடியில் வைத்து, வளைவுகளில் உருண்டுவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.